"அவர் வெளிநாடு போகப் போகிறாராம்": அலுவலகப் புறம்பேச்சும் ஆங்கார மனிதர்களும்

பேரேடு
திங்கள், இரவு 9.05

வணக்கம். கொழும்புக் கோட்டையில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். நிறுவனத்தின் பெயரையோ ஆட்களின் பெயரையோ எழுதப் போவதில்லை. தயவுசெய்து யாரும் ஊகிக்கவும் வேண்டாம்.

எங்கள் பிரிவுத் தலைவர் கத்துகிறவர். மாத இறுதியில் ஒரு வவுச்சர் குறைந்தால் கோப்பை மேசையில் ஓங்கி அடிப்பார். எல்லோர் முன்னிலையிலும் "படித்துத்தான் வந்தீர்களா?" என்று கேட்பார். அவருடைய அறைக் கதவு திறந்தால் எங்கள் பக்கத்தில் பேச்சு நின்றுவிடும். புதிதாக வருகிறவர்களுக்கும் இது முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும்.

நான் எழுத வந்தது இன்னொருவரைப் பற்றி. அவர் குரலை உயர்த்தவே மாட்டார். எல்லோருடைய பிறந்தநாளும் அவருக்கு நினைவிருக்கும். நகல் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று, தாள் வெளியே வரும்வரை காத்திருக்கும் அந்த இடைவெளியில் மெதுவாகத் தொடங்குவார்: "பாவம், நல்ல கெட்டிக்காரப் பிள்ளை. கனடாவுக்கு எல்லாம் சரிவந்துவிட்டதாம். நாங்கள்தான் ஒரு நல்ல ஆளை இழக்கப் போகிறோம். நான் சொன்னதாகச் சொல்லிவிடாதீர்கள்."

அந்தப் பிள்ளை என் பக்கத்து மேசையில் இருப்பவள், எனக்குத் தங்கை மாதிரி. வேலை பார்த்துக்கொண்டே பட்டயக் கணக்காளர் பரீட்சைக்கும் படிப்பவள். எங்கள் பிரிவில் ஒரு சிரேஷ்ட பதவி வெற்றிடமானபோது அவளுக்குத்தான் கிடைக்கும் என்று எல்லோரும் நினைத்தோம். நேர்முகத்துக்கு அழைக்கப்பட்டவர்களின் பட்டியலில் அவள் பெயரே இல்லை. துணிந்து போய்க் கேட்டாள். பிரிவுத் தலைவர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டே, "போகப் போகிறவருக்கு எதற்குப் பதவி?" என்றார். எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

அவள் எந்த நாட்டுக்கும் விண்ணப்பிக்கவில்லை. அதைச் சொல்லச் சொல்லக் கதை கூடிக்கொண்டே போகிறது. "சொல்ல விருப்பமில்லைப் போலிருக்கிறது, விட்டுவிடுங்கள்" என்கிறார்கள்.

என் கேள்வி இதுதான். இதில் யாரை எதிர்த்து நிற்பது? கத்தியவரையா, காதோடு சொன்னவரையா? மறுக்க மறுக்க ஒரு பொய் ஏன் வளர்கிறது?

கொட்டாஞ்சேனை மைந்தன்
திங்கள், இரவு 9.31

நெருப்பில்லாமல் புகையாது. அந்தத் தங்கை உங்களிடமும் சொல்லாமல் விண்ணப்பித்திருக்கலாம் அல்லவா? இன்றைக்குக் கொழும்பில் யார்தான் விண்ணப்பிக்கவில்லை? அதில் குற்றமும் இல்லை. நகல் இயந்திரத்து ஆளைத் திட்டுவதற்கு முன் அதை உறுதிசெய்துகொள்ளுங்கள்.

பேரேடு
திங்கள், இரவு 9.50

உறுதிசெய்துவிட்டேன். தன் அம்மாவின் கடவுச்சீட்டைப் புதுப்பிப்பதற்காக ஒருநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு பத்தரமுல்லைக்குப் போனாள். குடிவரவுத் திணைக்களத்து வரிசையில் எங்கள் நிறுவனத்து ஆள் ஒருவர் அவளைப் பார்த்திருக்கிறார். கதைக்கு வித்து அவ்வளவுதான். அம்மா போவது சென்னைக்கு, கண் சிகிச்சைக்கு. தன் தாயின் கண்ணைப் பற்றி அலுவலகம் முழுவதும் விளக்கிக்கொண்டு திரிய வேண்டிய நிலை ஏன் ஒருவருக்கு வர வேண்டும்?

மழைக்கால மாலை
திங்கள், இரவு 10.48

நான் உளவளத்துணையாளராக வேலை செய்கிறேன். வேலையிடத்துப் பிரச்சினைகளோடு வருகிறவர்கள் என்னிடம் அதிகம். உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன்.

இரண்டாம் உலகப் போர்க்காலத்து வதந்திகளை ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர்கள் கோர்டன் ஓல்போர்ட்டும் லியோ போஸ்ட்மனும் 1947 இல் எளிமையான ஒரு சூத்திரத்தை முன்வைத்தார்கள். ஒரு வதந்தி எவ்வளவு பரவும் என்பது இரண்டு விடயங்களின் பெருக்கம். ஒன்று, அந்த விடயம் கேட்பவருக்கு எவ்வளவு முக்கியம் என்பது. மற்றது, அதைப் பற்றிய தகவல் எவ்வளவு மங்கலாக இருக்கிறது என்பது. இரண்டையும் கூட்டாமல் பெருக்கினார்கள் என்பதைக் கவனியுங்கள். ஏதாவது ஒன்று பூச்சியமானால் வதந்தியும் பூச்சியம்.

உங்கள் அலுவலகத்தை இதில் வைத்துப் பாருங்கள். பதவி வெற்றிடம் எல்லோருக்கும் முக்கியம். யாரை, எந்த அடிப்படையில் தெரிவு செய்வார்கள் என்று யாருக்கும் சொல்லப்படவில்லை. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு இந்த நகரத்தில் ஏதாவது ஒரு நாற்காலி வெறுமையாகாத அலுவலகம் இல்லை. ஆகவே கதை நம்பத்தக்கதாகவும் இருக்கிறது. இனி அதை ஒருவர் தொடக்கிவிட்டால் போதும், பரப்புகிற வேலையை மற்றவர்களின் கவலையே பார்த்துக்கொள்ளும்.

வாய்வழியே ஐந்தாறு பேரைத் தாண்டும்போது ஒரு செய்தியின் விவரங்களில் ஏறக்குறைய 70 சதவீதம் உதிர்ந்துபோவதையும் அவர்கள் சோதனைகளில் கண்டார்கள். எஞ்சுவது கூர்மையாகி, கேட்பவர் ஏற்கெனவே நம்புகிற கதைக்குள் போய்ப் பொருந்திவிடும். அம்மா, கண், சென்னை எல்லாம் உதிர்ந்தன. கடவுச்சீட்டு மட்டும் எஞ்சியது. கடவுச்சீட்டு என்றால் இன்றைய கொழும்பில் என்ன கதை பொருந்தும் என்பது தெரிந்ததுதானே.

மறுப்பு ஏன் உதவவில்லை? ஒரு கூற்றைத் திரும்பத் திரும்பக் கேட்டால் அது உண்மை என்ற எண்ணம் வலுப்படுவதை 1977 இல் லின் ஹாஷரும் சக ஆய்வாளர்களும் காட்டினார்கள். பழகிய வாக்கியம் மனதில் தடையின்றி நுழைகிறது. அந்தத் தடையின்மையை மனம் உண்மையின் அடையாளமாக எடுத்துக்கொள்கிறது. அந்தத் தங்கை ஒவ்வொருவரிடமும் போய் "நான் கனடா போகவில்லை" என்று சொல்லும்போது கனடா என்ற சொல் இன்னொரு தடவை உச்சரிக்கப்படுகிறது. ஆகவே பத்துப் பேரிடம் மறுக்க வேண்டாம். முடிவெடுக்கிறவரிடம் ஒரேயொரு முறை, எழுத்தில் மறுக்கட்டும். மறுப்போடு நிற்காமல், வெறுமையான இடத்தை நிரப்ப ஒரு உண்மையையும் கொடுக்கட்டும்: இந்தப் பதவிக்கு என் தகுதிகள் இவை, நான் இங்கே செய்ய நினைப்பது இது என்று.

கொட்டாஞ்சேனை மைந்தனுக்கு ஒரு வார்த்தை. நெருப்பில்லாமல் புகையாது என்பதை நம்பித்தான் இந்தக் கதையைக் கட்டியவரும் வேலை செய்கிறார். தாய்க்காக வரிசையில் நிற்பதை நெருப்பு என்றால், கொழும்பில் எல்லோர் வீடும் எரிய வேண்டும்.

தெமட்டகொடை வாசி
செவ்வாய், காலை 6.40

எல்லோரும் புறம்பேச்சைத் திட்டுவதற்கு முன் ஒரு பெண்ணாக ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன்.

நான் முதலில் வேலைக்குப் போன இடத்தில் ஓர் அதிகாரி இருந்தார். ஆவண அறைக்குக் கோப்பு எடுக்க இளம் பெண்களைத் தனியாக அனுப்பிவிட்டுப் பின்னாலேயே வருவார். இதை எனக்கு எந்தச் சுற்றறிக்கையும் சொல்லவில்லை. முதல் நாளே, கை கழுவும் இடத்தில், வயதில் மூத்த அக்கா ஒருவர் தண்ணீர்க் குழாயை நன்றாகத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் சொன்னார்: "அவர் கோப்பு எடுக்கச் சொன்னால் என்னையும் கூப்பிடு. தனியாகப் போகாதே." அதுவும் ஒருவர் இல்லாத இடத்தில் அவரைப் பற்றிப் பேசியதுதான். அந்தப் பேச்சு என்னைக் காப்பாற்றியது. எனக்குப் பின் வந்தவர்களுக்கு நானும் சொன்னேன், இன்றும் சொல்வேன்.

இதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் மத்தியூ ஃபைன்பெர்க்கும் ரொப் வில்லரும் மற்றவர்களும் செய்து 2012 இல் வெளியிட்ட ஆய்வில், விளையாட்டொன்றில் ஒருவர் ஏமாற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களின் இதயத்துடிப்பு ஏறியது. அடுத்து ஆட வருகிறவருக்கு எச்சரிக்கைக் குறிப்பு எழுத வாய்ப்புக் கிடைத்தபோது அந்தப் படபடப்புத் தணிந்தது. பலமற்றவர்களுக்குப் பேச்சுத்தான் காவல். மேலதிகாரிகளுக்கு முறைப்பாட்டுப் படிவம் இருக்கிறது, சட்டத்தரணி இருக்கிறார். எங்களுக்கு அந்தக் குழாய்ச் சத்தம் இருந்தது.

இன்னொன்று. 2019 இல் மேகன் ரொபின்ஸ் என்ற ஆய்வாளர் அமெரிக்காவில் 467 பேரின் அன்றாடப் பேச்சு ஒலிப்பதிவுகளை ஆராய்ந்தார். மக்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 52 நிமிடங்கள் அங்கே இல்லாதவர்களைப் பற்றிப் பேசுகிறார்கள். அதில் நான்கில் மூன்று பங்கு நல்லதுமில்லை, கெட்டதுமில்லை: யாருக்குக் குழந்தை பிறந்தது, யார் வீடு மாறினார் என்கிற வகை. ஆகவே "புறம்பேசாதீர்கள்" என்று சுவரில் எழுதி ஒட்டுவதால் ஒரு பயனும் இல்லை. அப்படி ஒட்டினால் முதலில் அடங்கிப்போவது எச்சரிக்கை சொல்லும் அக்காமார்தான்.

நூற்று முப்பத்தெட்டு
செவ்வாய், காலை 7.55

பஸ்ஸில் இருந்து எழுதுகிறேன். தெமட்டகொடை அக்கா சொன்னதோடு முழுக்க உடன்படுகிறேன்.

எங்கள் கொழும்பு அலுவலகங்களுக்கே உரிய ஒரு விடயத்தையும் சேர்க்க வேண்டும். நான் மட்டக்களப்பிலிருந்து வந்தவன். யூனியன் பிளேஸ் பக்கம் வேலை. பிரிவில் பெரும்பாலானவர்கள் சிங்களவர்கள். தொடக்கத்தில் எனக்குச் சிங்களம் சரியாகத் தெரியாது. பகல் சாப்பாட்டு நேரம் பார்சலைப் பிரிக்கும்போது பக்கத்து மேசையில் எல்லோரும் சிரித்தால் சோறு தொண்டையில் நிற்கும். மொழி தெரியவந்த பிறகுதான் விளங்கியது, பெரும்பாலும் கிரிக்கெட் அல்லது வீட்டு வாடகை. இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. நானும் இன்னொரு தமிழரும் நல்லூர்த் திருவிழாவுக்கு விடுப்பு எடுப்பது பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு சிங்களச் சகோதரி நேரே வந்து கேட்டார்: "என்னைப் பற்றியா கதைக்கிறீர்கள்?" கேட்டதற்காக அவரை இன்றும் மதிக்கிறேன். கேட்காமல் போயிருந்தால் எங்கள் மூவருக்குமிடையே ஒரு பொய் வளர்ந்திருக்கும்.

மழைக்கால மாலை சொன்ன அந்த மங்கல், இரண்டு மொழி புழங்கும் இடத்தில் இயல்பாகவே அதிகம். குழப்பம் செய்ய நினைக்கிறவருக்கு அது வசதி. தமிழரிடம் ஒன்று, சிங்களவரிடம் இன்னொன்று சொல்லிவிட்டுப் போகலாம். இரண்டு பக்கமும் ஒப்பிட்டுப் பார்க்கப் போவதில்லை. பேரேடு அக்கா, உங்கள் நகல் இயந்திரத்து ஆள் இரண்டு மொழியும் நன்றாகப் பேசுபவரா?

பேரேடு
செவ்வாய், நண்பகல் 12.40

மூன்று மொழியும்.

கரையோர ரயில்
செவ்வாய், இரவு 8.20

நான் மேசையின் மறுபக்கத்தில் இருப்பவன். ஒரு காப்புறுதி நிறுவனத்தின் கிளையை நடத்துகிறேன். இதுவரை யாரும் தொடாத ஓர் இடத்தைச் சொல்கிறேன்.

"யாரை எதிர்ப்பது, இவரையா அவரையா" என்று கேட்கிறீர்கள். இருவரையும் பிரித்துப் பார்க்காதீர்கள். கத்துகிற தலைவரிடம் ஒருவரும் நேரே உண்மை சொல்லமாட்டார்கள். கணக்கு பிழைத்தால் மறைப்பார்கள், தாமதமானால் காரணம் புனைவார்கள். அப்படிப்பட்டவருக்குத் தன் பிரிவில் என்ன நடக்கிறதென்று தெரியாது. தெரியாததால் பயம். பயத்தால் அவருக்கு ஒரு காது தேவைப்படுகிறது. அந்த இடத்தில்தான் மென்மையாகப் பேசுகிறவர் போய் அமர்கிறார். செய்தி கொண்டுபோகிறவர் மீது கோப்பு எறியப்படுவதில்லை என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? தன் பாதுகாப்புக்கு அவர் மற்றவர்களின் பெயரால் விலை கொடுக்கிறார். ஒவ்வொரு வாரமும் ஒரு பெயர் தேவை. இந்த வாரம் அந்தத் தங்கையின் பெயர்.

எனக்கும் வருவார்கள். காலையில், மற்றவர்கள் வருவதற்கு முன், கையில் தேவையில்லாத ஒரு கோப்போடு. "சேர், சொல்லலாமோ தெரியவில்லை" என்று தொடங்குவார்கள். நான் உட்காரச் சொல்லிவிட்டுத் தொலைபேசியை எடுப்பேன்: "நல்லது, சம்பந்தப்பட்டவரையும் கூப்பிடுகிறேன், மூவரும் பேசலாம்." பாதிப் பேருக்கு உடனே வேறு வேலை நினைவுக்கு வரும். மீதிப் பேருக்கு உண்மையான பிரச்சினை இருக்கும்; அது அந்த அறையிலேயே தீர்ந்துவிடும். இதை விடாமல் செய்தால் காலை வருகைகள் தானாகவே குறையும்.

ஒரு விலக்கு உண்டு. தெமட்டகொடை வாசி சொன்ன வகையான முறைப்பாட்டோடு ஒரு பெண் வந்தால், எதிராளியை அப்படிக் கூப்பிடுவது பெரும் அநியாயம். தனியாகக் கேட்டு, எழுதி, உடனே முறைப்படி நடவடிக்கை எடுக்க வேண்டும். இரண்டையும் பிரித்தறியத் தெரியாதவர் அந்த நாற்காலியில் உட்காரக் கூடாது.

என் முடிவு: புறம்பேச்சின் அளவைப் பேசுகிறவர்கள் தீர்மானிப்பதில்லை. மேலே இருந்து கேட்கிறவர் தீர்மானிக்கிறார்.

கொட்டாஞ்சேனை மைந்தன்
செவ்வாய், இரவு 9.02

கடவுச்சீட்டு விடயத்தில் பேரேடு சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் கத்துகிறவர்களை எல்லோரும் சேர்ந்து வில்லனாக்குவது நியாயமாகப் படவில்லை. கத்துகிறவர் மனதில் ஒன்றும் வைத்திருக்கமாட்டார். கத்திவிட்டு மறந்துவிடுவார். எங்கள் முதலாளி அப்படிப்பட்டவர்தான். 2022 இல் டீசல் இல்லாமல், டொலர் இல்லாமல், கப்பலில் வந்த பொருளை விடுவிக்க முடியாமல் நின்றபோது ஒருவரையும் வேலையால் நிறுத்தவில்லை. கத்தினார், ஆனால் சம்பளம் தந்தார். அந்த மனிதரின் அழுத்தத்தையும் பார்க்க வேண்டும்.

தெமட்டகொடை வாசி
செவ்வாய், இரவு 9.15

சம்பளம் தந்தது நல்ல காரியம், அதற்கு நன்றி சொல்லலாம். ஆனால் கத்தியவர் மறந்துவிடுவார், கேட்டவர் மறக்கமாட்டார். அழுத்தம் என்றால் அவர் ஏன் வங்கி முகாமையாளரிடம் கத்துவதில்லை? சுங்க அதிகாரியிடம் கத்துவதில்லை? அங்கே பணிவாகத்தானே நிற்கிறார். யாரிடம் கத்தலாம், யாரிடம் கூடாது என்று தெரிந்து கத்துகிறவருக்குக் கட்டுப்பாடு இல்லையென்று சொல்ல முடியாது.

மழைக்கால மாலை
செவ்வாய், இரவு 11.10

இருவரும் சொல்வதற்கும் ஆய்வில் இடம் இருக்கிறது.

மைந்தன் சொன்ன அழுத்தம் உண்மை. 1939 இல் யேல் பல்கலைக்கழகத்து ஜோன் டொலார்ட்டும் கூட்டாளிகளும் தடைபட்ட நோக்கம் ஆக்ரோஷத்தைத் தூண்டுகிறது என்று வாதிட்டார்கள். காரணமானவரைத் தாக்க முடியாதபோது அந்த ஆக்ரோஷம் கைக்கெட்டிய இன்னொருவர் மீது திரும்பும் என்பதும் அவர்கள் வாதத்தில் அடங்கும். வங்கியில் வாங்கிய அவமானம் கணக்குப் பிரிவில் வந்து இறங்குவது இப்படித்தான். அந்தச் சொல்லை வாங்கிக்கொள்பவர் வீட்டுக்குப் போய்ப் பிள்ளையிடம் எரிந்து விழுகிறார். இப்படி வந்த பிள்ளைகளின் தாய்மாரையும் நான் சந்திக்கிறேன்.

தெமட்டகொடை வாசி சொன்ன தெரிவும் உண்மை. பின்லாந்தின் காய் பியோர்க்விஸ்ட், 1994 இல் சக ஆய்வாளர்களோடு பல்கலைக்கழக ஊழியர்களிடையே மறைமுக ஆக்ரோஷத்தை ஆராய்ந்தார். அவர் சொன்ன கருத்து எனக்கு அன்றாட வேலையில் மிகவும் உதவுகிறது. வளர்ந்தவர்கள் தாக்குவதற்கு முன் ஒரு கணக்குப் போடுகிறார்கள்: பாதிப்பு எவ்வளவு கிடைக்கும், எனக்கு ஆபத்து எவ்வளவு? பாதிப்பு உயர்ந்ததாகவும் ஆபத்துக் குறைந்ததாகவும் இருக்கும் வழியைத் தேடுகிறார்கள். அதிகாரம் உள்ளவருக்குக் கத்துவதில் ஆபத்து இல்லை, கத்துகிறார். அதிகாரம் இல்லாதவருக்குக் கத்துவது ஆபத்து, காதோடு சொல்கிறார். ஆகவே நகல் இயந்திரத்துப் பரிவையும் ஆக்ரோஷம் என்றே நான் எண்ணுகிறேன்.

பியோர்க்விஸ்ட் கண்ட இன்னொரு வகையும் கொழும்பு அலுவலகங்களில் தாராளமாக உண்டு. நியாயம் போலத் தோற்றம் தருகிற தாக்குதல். கூட்டத்தில் நீங்கள் பேசும்போது குறுக்கிடுவது, உங்கள் வேலையைத் "தரத்துக்காகத்தான் சொல்கிறேன்" என்று திரும்பத் திரும்பப் பிறர் முன் குறைகூறுவது, உங்கள் முடிவுகளை ஒன்றுவிடாமல் கேள்விக்குட்படுத்துவது. அந்த ஆய்வில் ஆண்கள் இதை அதிகம் பயன்படுத்தினார்கள். பின்னாலிருந்து உறவுகளைக் குலைப்பது பெண்களிடையே கூடுதலாகக் காணப்பட்டது. இதை வைத்துக்கொண்டு "பெண்கள் என்றாலே இப்படி" என்று யாரும் தொடங்க வேண்டாம். என்னிடம் வருகிறவர்களின் கதைகளில் மிகத் தேர்ந்த புறம்பேச்சுக்காரர்கள் பலர் ஆண்கள்.

ஒரு வேண்டுகோளும் உண்டு. இணையத்தில் இப்போது பிடிக்காத எல்லா முகாமையாளர்களையும் "நாசிசிஸ்ட்", "சைக்கோபாத்" என்று அழைக்கிறார்கள். 2002 இல் டெல்ரோய் போல்ஹஸும் கெவின் வில்லியம்ஸும் சுயமோகம், சூழ்ச்சிப் போக்கு, மனச்சாட்சியின்மை ஆகிய மூன்றையும் ஒன்றுக்கொன்று தொடர்புள்ள, ஆனால் வேறுவேறான ஆளுமைக் கூறுகள் என்று விவரித்தார்கள். அவை நம் எல்லோரிடமும் கூடக்குறைய இருக்கக்கூடிய அளவைகள். பேரேட்டின் பிரிவுத் தலைவருக்கு என்ன நோய் என்று நான் சொல்லமாட்டேன், சொல்லவும் கூடாது. நடத்தையைச் சொல்லுங்கள்: எந்த நாள், என்ன சொன்னார், யார் முன்னிலையில். நோயின் பெயரோடு போனால் மனிதவளப் பிரிவு உங்களைத்தான் சந்தேகமாகப் பார்க்கும்.

அலைவரிசை
புதன், காலை 8.30

இரண்டாவது வட்ஸ்அப் குழுவைப் பற்றி யாரும் எழுதவில்லையே. எங்கள் பிரிவில் ஒருவரை மட்டும் விட்டுவிட்டு இன்னொரு குழு தொடங்கினார்கள். பழைய குழுவில் "ஓகே சேர்" மட்டும் வந்துகொண்டிருந்தது. ஒருநாள் எல்லோரும் ஒரே நிறத்தில் உடுத்தி வந்தார்கள், அவர் மட்டும் வேறு நிறம். ஒரு திட்டுச் சொல் கூட இல்லை. முறைப்பாடு செய்யப் போனால் என்னவென்று எழுதுவது? அந்த அக்கா மாதம் முடியுமுன் வேலையை விட்டுவிட்டார்.

பழைய சங்கத்துக்காரன்
புதன், மாலை 6.25

அலைவரிசையின் கடைசி வரி என்னை எழுத வைத்தது. இளையவர்கள் வேலையை விட்டுவிட்டுத்தான் என்னைப் போன்றவர்களிடம் வருகிறார்கள். அதற்கு முன் வாருங்கள்.

ஒதுக்கிவைப்பதும் துன்புறுத்தலே. சுவீடனில் ஹைன்ஸ் லேமன் என்ற உளவியலாளர் 1980களிலேயே இதை ஆராய்ந்தார். ஒருவரோ சிலரோ இன்னொருவரை வாரத்துக்கு ஒரு தடவையாவது, குறைந்தது ஆறு மாதம் தொடர்ந்து நெருக்கினால் அந்த மனிதர் உடைந்துபோவதை விவரித்தார். 1993 இல் அந்த நாடு வேலையிடத்தில் ஒருவரைப் பலியாக்குவதற்கு எதிராக ஒழுங்குவிதியே கொண்டுவந்தது. 2019 இல் சர்வதேச தொழில் ஸ்தாபனம் ஏற்றுக்கொண்ட 190 ஆவது சமவாயம் ஒருபடி மேலே போகிறது. உடல் காயம் மட்டுமல்ல, உளரீதியான தீங்கும் அதில் அடங்கும். ஒரேயொரு தடவை நடந்தாலும் அடங்கும்.

இங்கே கைக்கு எட்டுவதைச் சொல்கிறேன். தெமட்டகொடை வாசி சொன்ன ஆவண அறை விவகாரம் குற்றம். தண்டனைச் சட்டக்கோவையின் 345 ஆம் பிரிவு பாலியல் தொந்தரவைக் குற்றமாக்குகிறது. 1995 திருத்தத்தால் வந்தது. ஐந்து ஆண்டுவரை சிறை விதிக்கலாம். வேலையிடத்தில் அதிகாரத்தில் உள்ளவர் சொல்லாலோ செயலாலோ செய்வதும் அதில் வரும். குழாய்ச் சத்தத்தோடு நிற்க வேண்டிய அவசியம் இல்லை, தங்கச்சிமாரே.

தனியார் துறையில் வேலையால் நிறுத்தப்பட்டால் தொழில் நியாய சபைக்கு விண்ணப்பிக்கலாம். அதற்குக் காலவரம்பு உண்டு, தாமதிக்க வேண்டாம். நீங்களாகவே கடிதம் கொடுத்திருந்தாலும், தொடர்ந்து இருக்க முடியாத நிலையை நிறுவனமே உண்டாக்கியது என்று காட்ட முடிந்தால், அதையும் பணிநீக்கமாகக் கருதும்படி வாதிடலாம். ஆனால் நிரூபிக்கும் சுமை கடினமானது. கோபத்தில் "தனிப்பட்ட காரணங்களுக்காக விலகுகிறேன்" என்று ஒரு வரி எழுதிக் கொடுத்துவிட்டால் பிறகு நாங்கள் என்ன வாதாடுவது? அந்த வரியை எழுதுமுன் ஒரு தொழிற்சங்கத்துக்காரரையோ சட்டத்தரணியையோ பாருங்கள். நாரஹேன்பிட்டியில் தொழில் திணைக்களத்துக்குப் போய்க் கேளுங்கள். தமிழில் எழுதிக் கொடுக்கலாம், அது உங்கள் உரிமை.

மனம் தாங்கவில்லை என்றால் 1926 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். அங்கொடை தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம் அது. அங்கொடை என்ற பெயரைக் கேட்டதும் வெட்கப்படுகிற பழக்கத்தை நம் ஆட்கள் விட வேண்டும்.

நூற்று முப்பத்தெட்டு
புதன், மாலை 6.50

சேமித்து வைத்துக்கொண்டேன், ஐயா. நன்றி.

பேரேடு
வெள்ளி, இரவு 9.20

எல்லோருக்கும் நன்றி. நடந்ததை எழுதுகிறேன்.

தங்கையும் நானும் வெள்ளவத்தையில் ஒரு கடையில் இருந்து இந்த இழையை முழுவதும் வாசித்தோம். பிறகு அவள் ஒரு பக்கக் கடிதம் எழுதினாள். முதல் பத்தியில் வெளிநாடு செல்ல எந்த விண்ணப்பமும் செய்யவில்லை என்று ஒரே வரி. மிகுதி முழுவதும் அவள் செய்த வேலை: கடந்த கணக்காய்வில் கண்டுபிடித்த பிழைகள், மாத இறுதிக் கணக்கை விரைவாக முடிக்க அவள் மாற்றியமைத்த முறை. கடைசியில் ஒரு கேள்வி: இந்தப் பதவிக்கான தெரிவு அளவுகோல்கள் எவை? பிரிவுத் தலைவருக்கும் மனிதவளப் பிரிவுக்கும் ஒரே நேரத்தில் கொடுத்தாள்.

இன்று காலை பிரிவுத் தலைவர் கூப்பிட்டார். கதவு இந்தத் தடவை மூடியிருந்தது. "யார் சொன்னார்கள் என்று உனக்குத் தெரியவேண்டுமா?" என்று கேட்டாராம். அவள் சொன்ன பதில் எனக்குப் பெருமையாக இருக்கிறது: "வேண்டாம் சேர். என் விண்ணப்பத்தைப் பார்த்தால் போதும்." அவர் கத்தவில்லை. ஆனால் ஒன்றும் உறுதி தரவில்லை. நேர்முகம் அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போயிருக்கிறது என்று மட்டும் மனிதவளப் பிரிவிலிருந்து மின்னஞ்சல் வந்தது. அளவுகோல்களும் அதில் இணைக்கப்பட்டிருந்தன, பிரிவில் உள்ள எல்லோருக்கும்.

மத்தியானம் நகல் இயந்திரத்துப் பக்கம் போனேன். அவர் வழமைபோல, "பாவம், அந்தப் பிள்ளை கடிதம் எல்லாம் கொடுத்திருக்கிறாளாம்" என்று தொடங்கினார். நான் தங்கையின் பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டு, "இங்கே வா, உன்னைப் பற்றித்தான் அண்ணா அக்கறையாகக் கேட்கிறார்" என்றேன். கரையோர ரயில் ஐயா சொன்ன முறைதான். அவர் தாள்களை எடுத்துக்கொண்டு போய்விட்டார். எடுத்ததில் பாதி எங்களுடைய தாள்கள்; திரும்பக் கொண்டுவந்து வைக்க வேண்டியிருந்தது.

கரையோர ரயில்
வெள்ளி, இரவு 9.48

நன்றாகச் செய்தீர்கள். இனி அவர் சில காலம் உங்கள் பெயரைக் கொண்டுபோவார். அதற்கும் ஆயத்தமாக இருங்கள்.

பழைய சங்கத்துக்காரன்
வெள்ளி, இரவு 10.05

கடிதத்தின் பிரதியில் பெற்றுக்கொண்ட திகதியும் கையொப்பமும் வாங்கினாளா? வாங்கவில்லையென்றால் திங்கட்கிழமை காலை முதல் வேலையாக வாங்கட்டும். மின்னஞ்சலையும் அலுவலகக் கணினியில் மட்டும் வைத்திருக்க வேண்டாம். அச்செடுத்து வீட்டில் வைக்கச் சொல்லுங்கள். நேர்முகம் முடிந்ததும் முடிவு எதுவானாலும் இங்கே எழுதுங்கள், பிள்ளை.